அம்மா ஏறிய மலை... நான் உட்கார்ந்த பாறை! - ஏலகிரியில் ஓர் இரவு

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிக்கு நேர் எதிரே ஏலகிரி மலை தெரியும். ஜோலார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி. தினமும் கண்ணில் படும், யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். மேகம் மலையை மூடினால் மட்டும் அம்மா மாடிக்கு ஓடுவார். துணி எடுக்க.

அந்த மலைக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றும் பள்ளிச் சுற்றுலா. புங்கனூர் ஏரியில் படகு, பூங்காவில் ஒரு குரூப் போட்டோ, ஒரு கோன் ஐஸ், வீடு. அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து 28 வருடங்கள் ஆகின்றன. புதிதாகக் கல்யாணமான நாளில் அப்பாவோடு பஸ்ஸில் ஒரே ஒரு முறை மேலே போய், அன்று சாயங்காலமே இறங்கியிருக்கிறார். "ஒரே பனி. ஒண்ணும் தெரியல. உங்கப்பா பஜ்ஜி வாங்கிக் குடுத்தாரு." அவருடைய ஏலகிரி நினைவு அவ்வளவுதான்.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜர்னலிசம் டிப்ளமோ முடித்ததிலிருந்து சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் 'வீக்கெண்டுக்கு ஏற்ற 7 மலைகள்', 'பட்ஜெட்டில் கேம்பிங் போக 10 டிப்ஸ்' என்று எழுதுகிற ஆட்களில் நானும் ஒருத்தி. அந்த ஏழில் ஒரு மலையில்கூட நான் ராத்திரி தங்கியதில்லை. ஏ.சி-க்குக் கீழே உட்கார்ந்து, கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, 'மலைக்குளிருக்கு ஸ்வெட்டர் அவசியம்' என்று டைப் செய்திருக்கிறேன்.

போன பொங்கல் விடுமுறையில் மாடியில் வடகம் எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா திடீரென்று கேட்டார். "அந்த மேல நின்னா நம்ம வீடு தெரியுமாடி?"

எனக்குத் தெரியவில்லை. ஏலகிரியைப் பற்றி நான்கு கட்டுரை எழுதியவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே போனை எடுத்தேன். மலைமேல் தனியார் பட்டா நிலத்தில் இருக்கும் ஒரு கேம்ப்பில் சனிக்கிழமை இரவுக்கு ஒரு டென்ட். ஞாயிறு காலை சுவாமிமலை ஏற வனத்துறையின் டிரெக் தமிழ்நாடு இணையதளத்தில் இரண்டு இடம். 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டம் அது. மாநிலம் முழுக்க 40 பாதைகள், ஆன்லைனில் முன்பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டிகள். ஏலகிரி - சுவாமிமலை அந்தப் பட்டியலில் உண்டு.

அப்பாவிடம் சொன்னோம். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "டென்ட்டுல எதுக்குப் படுக்கணும்? நமக்குத்தான் வீடு இருக்குதே?" என்றார். கேம்பிங் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை. மோட்டார் போடணும், பால் வாங்கணும் என்று வீட்டிலேயே நின்றுகொண்டார்.

அம்மாவின் பை தனிக் கதை. புளிசாதம், சப்பாத்தி, தக்காளித் தொக்கு, முறுக்கு, தைலம், டார்ச், இரண்டு போர்வை, ஒரு பழைய பெட்ஷீட். 'பையின் எடை குறைவாக இருக்கட்டும்' என்பது என் கட்டுரையின் முதல் டிப்ஸ். சொன்னேன். "நீ தூக்க வேணாம்" என்று பதில் வந்தது. ஷூ விஷயத்திலும் இப்படித்தான். அவர் அப்பாவின் பழைய கேன்வாஸ் ஷூவை இரண்டு ஜோடி சாக்ஸோடு போட்டுக்கொண்டார். நான் முந்தைய நாள் மாலை வாங்கிய புது ஷூ. 'புது ஷூவோடு மலையேறாதீர்கள், சில நாள் போட்டு நடந்து பழக்குங்கள்' என்பது என் மூன்றாவது டிப்ஸ்.

வீட்டிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பொன்னேரிக் கூட்டுச்சாலையைத் தாண்டினால் மலைப்பாதை தொடங்கிவிடும். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைப் பிடித்த அம்மா, போர்டு கண்ணில் பட்டபோதெல்லாம் வாய்விட்டுப் படித்தார். வள்ளல்கள் வந்ததும் குரல் மாறிவிட்டது. பாரி, காரி, ஓரி, ஆய், அதியமான், நள்ளி, பேகன். போர்டு வருமுன்பே பெயர் வருகிறது. பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. "தமிழ்ல நான்தான்டி ஃபர்ஸ்ட்டு" என்றார். 26 வருடங்களாக எனக்குத் தெரியாத செய்தி.

கேம்ப் ஒரு கொய்யாத் தோப்புக்குள் இருந்தது. ஆறு டென்ட். 'டென்ட் அடிப்பது எப்படி' என்று படம் போட்டு எழுதியவள் என்ற திமிரில் நானே அடிக்கிறேன் என்று ஆரம்பித்தேன். இரண்டு கம்பியையும் குறுக்காகச் செருகி வளைத்தால் துணி எழும்ப வேண்டும். எனக்கு எழும்பியது ஒரு பக்கம் மட்டும். அங்கே வேலை செய்யும் தம்பி சிரிக்காமல் நின்றது பெரிய விஷயம். அம்மா வந்து பார்த்து, "கொசுவலை மாதிரிதான், நாலு மூலையையும் சமமா இழு" என்றார். நின்றுவிட்டது. அவருக்கு இருந்த ஒரே சந்தேகம், ஜிப்பைப் போட்டால் மூச்சு முட்டுமா என்பது. மேலே வலை ஜன்னலைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

டென்ட்டுக்குள் போய்ப் புடவையை மாற்றிவிட்டு என் பழைய சுடிதாரில் வெளியே வந்தார். வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வரலாமே என்றதற்கு முந்தின நாள், "தெருவுல எல்லாரும் பாப்பாங்க" என்றிருந்தார். இங்கே பக்கத்து டென்ட்டில் பெங்களூரிலிருந்து வந்த பையன்கள் இருந்தார்கள். ஒருத்தரும் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டவர், அப்புறம் அதையும் மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

இதுவரைக்கும் சுற்றுலா. ராத்திரிதான் நான் எழுத நினைத்தது.

என் ஆயா, அப்பாவின் அம்மா, பக்கவாதத்தில் விழுந்து ஏழு வருடம் படுக்கையில் இருந்தார். போன மே மாதம் போய்ச் சேர்ந்தார். அந்த ஏழு வருடத்தில் அம்மா ஒரு ராத்திரிகூட வேறு வீட்டில் தங்கியதில்லை. சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே காலையில் போய், தாலி கட்டியதைப் பார்த்துவிட்டு, பந்தியில்கூட உட்காராமல் ஓடி வந்தார். நான் சென்னையில் இருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை டயப்பர் பாக்கெட்டோடு வருவேன். என் சம்பளத்தில் வாங்கியது என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

பெங்களூர்ப் பையன்களின் ஸ்பீக்கரை பத்து மணிக்கு கேம்ப்காரர் அணைக்கச் சொல்லிவிட்டார். பேச்சும் மெல்ல அடங்கியது. நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. குளிரில் விழித்தபோது பக்கத்தில் அம்மா இல்லை. போனில் மணி 2.10. வெப்பம் 14 டிகிரி என்று காட்டியது.

ஜிப் பாதி திறந்திருந்தது. வெளியே அணைந்த நெருப்பு மேடைக்குப் பக்கத்தில், போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா.

"பாத்ரூம் போனியா?"

"இல்ல. ரெண்டு மணி ஆச்சுல்ல. முழிப்பு வந்துடுச்சு."

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு மணிக்கு ஆயாவைத் திருப்பிப் படுக்க வெக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பலேன்னா முதுகுல புண்ணு வந்துடும்னு நர்ஸம்மா சொல்லியிருந்தாங்க. பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலு. அலாரம்லாம் மொத மாசம் மட்டும்தான் வெச்சேன்."

ஆயா போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் தினமும் இரண்டு மணிக்கு எழுந்துகொள்கிறாராம். எழுந்து ஹாலில் உட்கார்ந்திருந்துவிட்டு, நாலு மணிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாராம். அப்பாவுக்கும் தெரியாது.

நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். எங்கள் தெருவில் இவ்வளவு நட்சத்திரம் இல்லை. எங்கள் மாவட்டத்தில்தான், ஜவ்வாது மலையின் காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து இயங்குகிறது. அதைப் பற்றியும் நான் எழுதியிருக்கிறேன். எங்கிருந்து என்று சொல்ல வேண்டியதில்லை.

"அவங்க மேல கோவம் வரும்டி" என்றார் அம்மா. மேலே பார்த்துக்கொண்டே பேசினார். "திருப்பும்போது கையைக் கிள்ளுவாங்க. வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது பாவம், கிள்ளுவாங்க. எப்படா முடியும்னு நெனச்சிருக்கேன். முடிஞ்சப்புறம், ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்து என்ன பண்றதுன்னு தெரியல."

கொஞ்ச நேரம் கழித்து, "உம்மேலயும்தான்" என்றார்.

"என்மேலயா?"

"டயப்பர் பாக்கெட்டைக் கொண்டாந்து வெச்சுட்டு போனைப் பாத்துக்கினு உக்காந்திருப்ப. ஒருநாள், ஒரே ஒரு நாள், 'நீ தூங்கு மா, ரெண்டு மணிக்கு நான் பாத்துக்கறேன்'னு சொல்லுவியான்னு பாத்தேன்."

குரலில் கோபம் இல்லை. வீட்டுக் கணக்கு நோட்டைப் படிப்பது மாதிரி சொன்னார். சாரி என்று சொல்லலாம்தான். அலுவலகத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறை டைப் செய்கிற வார்த்தை அது. வாயில் வரவில்லை. அவர் போர்வையின் ஒரு முனையை இழுத்து என் கால்மேல் போட்டேன்.

"முறுக்கு எந்தப் பையில இருக்குது?" என்றார்.

எடுத்து வந்தேன். இரண்டு பேரும் மூன்று மணிவரை முறுக்கு சாப்பிட்டோம். அந்த அமைதியில் முறுக்கு கடிக்கிற சத்தம் ஆறு டென்ட்டுக்கும் கேட்டிருக்கும்.

காலையில் மங்கலம் கிராமத்திலிருந்து நடை. எங்களோடு ஓசூரிலிருந்து ஒரு குடும்பம், கல்லூரி மாணவர்கள் நான்கு பேர். வழிகாட்டிகளாக ஓர் அண்ணன், ஓர் அக்கா. இருவரும் இந்த மலையின் மலையாளிப் பழங்குடிகள். பெயரைக் கேட்டு கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். ஏலகிரி, ஜவ்வாது, கல்வராயன், கொல்லிமலை எங்கும் இவர்கள் உண்டு. பேசுவது தமிழ்.

ஏலகிரியே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். சுவாமிமலை அதற்கும் மேலே எழுந்து நிற்கும் சிகரம். தூரத்திலிருந்து பார்த்தால் லிங்கம் மாதிரி இருக்கும். பாதை முதலில் ஏமாற்றுகிறது. மரநிழல், செம்மண், சின்ன ஏற்றம். அப்புறம் பாறைகளும், உருளுகிற பொடிக்கற்களும் வந்துவிடுகின்றன. அம்மா ஒரே சீராக நடந்தார். வேகமும் இல்லை, நிற்பதும் இல்லை. தண்ணீர்க் குடத்தோடு தெருமுனைக் குழாயிலிருந்து வருகிற நடை. நான் ஓடுவேன், நிற்பேன், இடுப்பில் கைவைப்பேன், போட்டோ எடுப்பதுபோல மூச்சு வாங்குவேன். அரை மணி நேரத்தில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அதைத் தாங்க காலைக் கோணலாக வைத்து நடந்ததில், பொடிக்கல்லில் வழுக்கி இடது கணுக்கால் திரும்பிவிட்டது.

பெரிய அடி இல்லை. ஊன்றினால் வலித்தது. வழிகாட்டி அண்ணன் அழுத்திப் பார்த்துவிட்டு, "மேல ஏற வேணாம்மா, இறங்கறதுக்குக் கால் வேணும்" என்றார். அக்கா என்னோடு இருப்பதாகவும், மற்றவர்கள் போய் வருவதாகவும் முடிவானது.

"நானும் இங்கயே இருக்கேன்" என்று அம்மா பையை இறக்கிவிட்டார்.

"நீ போ மா."

"உனக்குத் தைலம் தேய்க்கணும்."

"நான் தேய்ச்சு விடறேன். நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றார் அந்த அக்கா.

அம்மா உடனே நகரவில்லை. தைல பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என் காலையும், அந்த அக்காவையும், மேலே போகிற பாதையையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு பாட்டிலை அக்காவிடம் கொடுத்துவிட்டு நடந்தார். இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது வளைவில் மறைந்துவிட்டார்.

பாறைமேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். இப்போதெல்லாம் கூட்டம் எப்படி என்று கேட்டேன். புக் பண்ணி வருபவர்களால் தொந்தரவு இல்லை என்றார். "முன்னெல்லாம் ராத்திரியில பசங்க டென்ட்டைத் தூக்கிக்கினு வருவாங்க. போக வேணாம், காடு, ஃபாரஸ்ட்டுல கேஸ் போடுவாங்கன்னு சொன்னா போனைக் காட்டுவாங்க. 'உச்சியில டென்ட் போட்டு சூரிய உதயம் பாக்கலாம்'னு இதுல போட்டிருக்குதேக்கான்னு. ஒருதரம் அப்படிப் போனவங்க நெருப்பு மூட்டிட்டு அணைக்காம வந்துட்டாங்க. புல்லு பத்திக்கிச்சு. எங்க ஊரு ஆளுங்கதான் தழையை ஒடிச்சுக்கினு ஓடி அடிச்சு அணைச்சாங்க. எங்க வீட்டுக்காரரு கையில இன்னும் தழும்பு இருக்குது."

அந்த வரி எனக்குத் தெரியும்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, வேறொரு இணையதளத்தில் பயிற்சியில் இருந்தபோது எழுதியது. 'சென்னைக்கு அருகில் டென்ட் அடிக்க 8 மலைகள்'. ஏலகிரி நான்காவது. இன்னொரு பக்கத்தில் இருந்ததை மாற்றி எழுதினேன், யாரையும் கேட்கவில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம் என்று சரிபார்க்க ஒரு போன் கால் போதும். குரங்கணித் தீ தெரியாதவளும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலத்தில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. அவ்வளவும் தெரிந்துதான் 'உச்சியில் டென்ட்' என்று எழுதினேன், ஒரு மதிய நேரத்தில், 40 நிமிடத்தில்.

அந்தப் பசங்கள் காட்டியது என்னுடைய கட்டுரைதானா, இல்லை நான் பார்த்து எழுதிய அந்த இன்னொரு பக்கமா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அக்கா என் கணுக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த மாதிரி ஒண்ணை நானும் எழுதியிருக்கேன்."

அவர் கை நிற்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ இங்க வந்திருந்தியா?"

"இல்லக்கா."

"வராமயே எப்படிம்மா எழுதுவீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கூகுள், கீவேர்டு என்று ஏதோ விளக்கினேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, இனிமே எழுதறப்ப சரியா எழுது" என்று அவரே சொல்லத் தொடங்கினார். போனில் குறித்துக்கொண்டேன். அவர் சொன்னபடியே தருகிறேன்.

மாசியில் புல் காய்ந்துவிடும், அப்போது வராதீர்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றத்தை நிறுத்தி வைப்பது அதனால்தான். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள், ஸ்பீக்கரில் பாட்டுப் போடாதீர்கள், பாறையிடுக்கில் தேனடை இருக்கிறது, கலைந்தால் ஓட இடம் இல்லை. செருப்போடு வராதீர்கள். புது ஷூவோடும் வராதீர்கள் (இதைச் சொல்லும்போது சிரித்தார்). தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில், காலி பாட்டில் உங்கள் பையிலேயே திரும்பட்டும். டென்ட்டில் தூங்கும் ஆசை இருந்தால் கீழே ஊருக்குள் இடம் இருக்கிறது, அங்கே தூங்குங்கள். சூரியன் அங்கேயும் வரும்.

கடைசி வரியை அப்படியே தலைப்பாக வைக்கலாம் போல இருந்தது. வைக்கவில்லை.

போன் அடித்தது. வீடியோ கால். திரையில் அம்மாவின் நெற்றியும் நிறைய வானமும். வேர்த்து, முடி பறந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ கோயில் மணி அடித்தார்கள்.

"பாப்பா, ரயிலு தெரியுதுடி! புழு மாதிரி போவுது. தண்டவாளம் பிரியுதே, பெங்களூருக்கு ஒண்ணு, சேலத்துக்கு ஒண்ணு, அந்த எடம் தெரியுது. இரு, இரு, காட்டறேன்."

போனைத் திருப்பினார். சிக்னல் கட்டம் கட்டமாக உடைந்து வெறும் பச்சையும் சாம்பலும்தான் வந்தது.

"நம்ம வீடு?"

"தண்ணி டேங்க் தெரியுது. அதுக்கு இந்தாண்ட இருக்கும்ல. கொடியில உங்கப்பா துணி எடுத்தாரான்னு தெரியல." சிரித்தார். "நீ இரு. நான் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேன்."

இருபது நிமிடம் நின்றதாக அந்த அண்ணன் பிறகு சொன்னார். எல்லோரும் இறங்க ஆரம்பித்த பிறகும் அவர்தான் கடைசி. இறங்கி வந்து முதலில் என் காலைத்தான் பார்த்தார். அக்காவிடம், "நல்லா தேய்ச்சிருக்கீங்க" என்றார். பையிலிருந்து மிச்சமிருந்த முறுக்கு அத்தனையும் அவர் கைக்குப் போனது.

மதியம் மூன்று மணிக்கு வீடு. அப்பாவைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார் அம்மா. நான் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். "அதோ, அந்த மொட்டையா நிக்குதே, அங்கதான் நின்னேன்." அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அவ்ளோ ஒசரமா?" என்றார். "பின்ன?" என்றார் அம்மா. கொடியில் துணி எடுக்கப்படாமல் அப்படியே இருந்தது.

அன்றிரவு ஒன்றே முக்காலுக்கு அலாரம் வைத்துக்கொண்டு ஹாலில் படுத்தேன். இரண்டு மணிக்கு அம்மா வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "தூங்கலியா நீ?" என்றார். "நீ போய்த் தூங்கு மா, நான் முழிச்சிருக்கேன்" என்றேன். எதற்காக முழித்திருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து உள்ளே போனார். தூங்கினாரா என்று தெரியாது. நாலு மணிக்குக் குழாய்ச் சத்தம் கேட்கவில்லை.

பழைய அலுவலகத்துக்கு அந்த நான்காவது மலையைத் திருத்தச் சொல்லி மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. இதை எழுதி முடிக்கும் இன்று காலை இரண்டாவது மெயில் போயிருக்கிறது. அக்காவின் குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்.